வெளிநாட்டுப் பயணத்தில் வரும் நோய்கள்: தடுப்பு பிசகுவது நேரக் கணக்கில்

தடுப்பூசி, பாதுகாப்பான குடிநீர், கொசுவலை, கை கழுவுதல். வெளிநாடு போகும்போது நோய் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் இந்தப் பட்டியலைச் சொல்லிவிடுவார்கள். இருந்தும் பலர் போன இடத்தில் படுத்துவிடுகிறார்கள். விவரம் தெரியாததைவிட நேரம் தவறியதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஊசியைப் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு போட்டுக்கொள்கிறார்கள். கொசுவிரட்டியை இரவில் மட்டும் பூசுகிறார்கள். மலேரியா மாத்திரையை வீடு திரும்பிய அன்றே நிறுத்திவிடுகிறார்கள். செய்தது சரியான காரியம்தான். செய்த நேரம் தவறு. ஒவ்வொரு கிருமிக்கும் உடலுக்குள் ஒரு கால அட்டவணை இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எதை ஏன் எப்போது செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

புறப்படும் முன்: நான்கு முதல் ஆறு வாரங்கள்

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் இது. தடுப்பூசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. எதிர்ப்பு சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். சில ஊசிகளுக்கு இரண்டு மூன்று தவணைகள் வேண்டும்.

இதில் சட்டமும் சேர்ந்துகொள்வது மஞ்சள் காய்ச்சல் ஊசியில். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்குள் நுழையவும், அங்கிருந்து வேறு நாடுகளுக்குப் போகவும் இந்த ஊசி போட்டதற்கான சர்வதேசச் சான்றிதழ் தேவை. ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் அந்தச் சான்றிதழ் செல்லும். ஒன்பதாம் நாள் போய் நின்றால் குடியேற்ற அதிகாரி தடுத்து நிறுத்தலாம், தனிமைப்படுத்தவும் செய்யலாம். முன்பு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒரு தவணையே ஆயுள் முழுவதற்கும் போதும் என்று சர்வதேசச் சுகாதார விதிகள் மாற்றப்பட்டன. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. நோய் உள்ள நாட்டுக்குள் போகாமல், அதன் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே சான்றிதழ் கேட்கும் நாடுகள் இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போதே வழித்தடத்தையும் பார்த்துவிட வேண்டும்.

இது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆன ஊசி. 60 வயதைத் தாண்டி முதல்முறையாகப் போட்டுக்கொள்பவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. போட முடியாதவர்களுக்கு மருத்துவ விலக்குச் சான்று உண்டு. தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசியும் இதே வகை. உயிருள்ள ஊசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். தவறினால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். இன்று ஒன்று, பத்து நாள் கழித்து மற்றொன்று என்றால் இரண்டாவது ஊசி சரியாகப் பலன் தராமல் போகலாம். கடைசி மாதத்தில் ஊசிகளை அடுக்குபவர்கள் இடறும் இடம் இது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெபடைடிஸ் ஏ ஊசியின் முதல் தவணையே நல்ல பாதுகாப்பு தரும். ஆறு மாதம் கழித்துப் போடும் இரண்டாவது தவணை அதை நீண்டகாலத்துக்கு உறுதிப்படுத்தும். டைபாய்டு ஊசியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போட வேண்டும்; அதன் பாதுகாப்பு முழுமையானதல்ல என்பதால் உணவில் கவனத்தைத் தளர்த்தக் கூடாது. ஹஜ் பயணிகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சவூதி அரேபியாவுக்குள் நுழைவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். தட்டம்மைக்கு இரண்டு தவணையும் போட்டிருக்கிறோமா என்பதைப் பழைய ஏடுகளில் தேடிப் பாருங்கள். காற்றில் இவ்வளவு எளிதாகப் பரவும் நோய்கள் மிகக் குறைவு. எல்லா நாட்டு மக்களும் கூடுகிற விமான நிலையம் அதற்கு ஏற்ற இடம். ஃப்ளூ பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பரவும்; வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுக்க உண்டு.

வயிறு

பயணிகளை அதிகம் படுக்க வைப்பது வயிற்றுப்போக்குதான். சுகாதார வசதி குறைந்த பகுதிகளில் இரண்டு வாரம் தங்குபவர்களில் 30 முதல் 70 சதவீதம் பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் பாக்டீரியாவே காரணம். குடலில் நஞ்சு சுரக்கும் ஈ.கோலி வகை முன்னிலையில் நிற்கிறது. கேம்பிலோபாக்டர், ஷிகெல்லா, சால்மொனெல்லா அடுத்து வருகின்றன.

‘சூடாக இருந்தால் சாப்பிடலாம்’ என்ற விதி பாதி உண்மை. சமைத்த உடனே ஆவி பறக்கப் பரிமாறியது பாதுகாப்பானது. காலையில் சமைத்து, அறை வெப்பத்தில் வைத்து, மதியம் லேசாகச் சூடுபடுத்தியது அப்படியல்ல. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அவற்றில் சில விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் திறந்து கிடக்கும் நட்சத்திர விடுதி பஃபேயைவிட, கண்ணெதிரே கொதிக்கும் எண்ணெயில் பொரித்துத் தரும் தெருக்கடை சில சமயம் மேலானது. கடையின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடுப்பிலிருந்து தட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள்.

பச்சைக் காய்கறி சாலட்டைத் தவிர்ப்பது நல்லது. இலைகளின் மடிப்புகளில் ஒட்டிய கிருமி தண்ணீரில் அலசினால் முழுமையாகப் போகாது. அலசிய தண்ணீரே சந்தேகத்துக்குரியதாகவும் இருக்கலாம். நீங்களே உரித்துச் சாப்பிடும் பழம் நல்லது. நறுக்கி வைத்த பழம் வேண்டாம். பனிக்கட்டியில் கிருமி சாவதில்லை. உறைந்திருக்கும், கரைந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். பாட்டில் தண்ணீர் வாங்கினால் மூடியின் முத்திரை உடைபடும் சத்தம் கேட்க வேண்டும். பல் துலக்கவும் அதே தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

நீரைச் சுத்திகரிக்கும் வழிகளில் கொதிக்க வைப்பதே உறுதியானது. குமிழி பொங்கக் கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் 3 நிமிடம் விடுங்கள். அங்கே காற்றழுத்தம் குறைவதால் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குளோரின் மாத்திரை போட்டால் குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நீர் கலங்கலாகவோ மிகக் குளிர்ந்தோ இருந்தால் மருந்தின் வேகம் குறையும். கலங்கலை முதலில் துணியில் வடிகட்டிவிடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் குளோரின் கொல்லாது. பயணிகள் எடுத்துச்செல்லும் கைவடிகட்டிகளில் பெரும்பாலானவை அதையும் பாக்டீரியாவையும் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். கொதிக்க வைக்க வழியில்லாதபோது வடிகட்டிய பின் குளோரின் போடுவது இரண்டின் குறையையும் ஈடுகட்டும்.

கைக்குச் சோப்பும் தண்ணீரும், 20 விநாடி. ஆல்கஹால் திரவம் வசதியானது, ஆனால் நோரோ வைரஸை அது சரியாக அழிப்பதில்லை. கப்பல் பயணங்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூட்டமாகப் பரவுவது பெரும்பாலும் இந்த வைரஸால்தான். ஒமிப்ரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வயிற்று அமிலம் கிருமிகளுக்கு எதிரான முதல் அரண். மாத்திரை அதைத் தாழ்த்திவிடுகிறது. அந்த மாத்திரை பயண நாள்களிலும் அவசியம்தானா என்று புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். உப்பும் குளுக்கோஸும் குடல் சுவரில் ஒன்றாகவே உறிஞ்சப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து தண்ணீர் உள்ளே போகிறது. வயிற்றுப்போக்கின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதுதான் இதன் மகத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கும். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு முக்கியம். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு மிகுந்து, குழந்தைகளுக்கு ஆபத்தாகும். குளிர்பானத்திலும் விளையாட்டு வீரர்களுக்கான பானத்திலும் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. கூடுதல் சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னும் இந்தக் கரைசல் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மறுபடி கொடுங்கள். கலக்கிய நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

லோபரமைடு மாத்திரை குடலின் அசைவைக் குறைக்கும். நீண்ட பேருந்துப் பயணத்தில் கைகொடுக்கும். மலத்தில் இரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடக் கூடாது. கிருமியை உள்ளேயே அடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். சிறு குழந்தைகளுக்கும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கை லேசான போக்குக்கு விழுங்குவது தவறு. தானாகவே சில நாளில் சரியாகிவிடும் நோய்க்கு அதைச் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடலில் குடியேறும் வாய்ப்பு கூடுகிறது. ஆசியாவின் தெற்கிலும் தென்கிழக்கிலும் கேம்பிலோபாக்டர், சிப்ரோஃபிளாக்சசினுக்கு அடங்குவதை ஏறக்குறைய விட்டேவிட்டது. கடுமையான நோய்க்கு மருத்துவர்கள் அசித்ரோமைசினைத் தேர்வது அதனால்தான். இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் வற்றுதல், மூன்று நாளாகியும் குறையாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கொசுவுக்கும் நேரம் உண்டு

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையிலும் மாலை இருட்டும் முன்பும் அதிகம். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ், அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. வலைக்குள் படுத்தால் மலேரியாவுக்குப் பெரும் தடை. டெங்குவுக்கு அது பகல் தூக்கத்தில் மட்டுமே உதவும். நகரத்து விடுதியில் தங்குகிறோம், கொசு பற்றிய கவலை இல்லை என்று நினைப்பதும் பிழை. ஏடிஸ் நகரத்துக் கொசு. பூத்தொட்டித் தட்டில் தேங்கிய நீரே அதற்குப் போதும்.

விரட்டிக் களிம்பில் டீட் 20 முதல் 50 சதவீதம், அல்லது பிகாரிடின் 20 சதவீதம் இருப்பதைத் தேடி வாங்குங்கள். சதவீதம் காட்டுவது பெரும்பாலும் பலன் நீடிக்கும் நேரத்தை. 10 சதவீதத்துக்குக் குறைவானது ஓரிரு மணியில் ஓய்ந்துவிடும். 50 சதவீதத்துக்கு மேல் போவதால் கூடுதல் பலன் சொல்லும்படி இல்லை. வெயில் களிம்பை முதலில் பூசி, அது உலர்ந்த பின் விரட்டியைப் பூச வேண்டும். இரண்டும் கலந்த களிம்பை வாங்காதீர்கள்: வெயில் களிம்பை இரண்டு மணிக்கு ஒருமுறை பூச வேண்டும், விரட்டியை அத்தனை முறை பூசத் தேவையில்லை. டீட் பட்டால் மூக்குக் கண்ணாடிச் சட்டமும் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக்கும் கெடும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஆடைக்கும் வலைக்கும் மட்டும், தோலில் பூசுவதற்கல்ல. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், வலையே போதும்.

மலேரியா மாத்திரைகளின் கணக்கைப் புரிந்துகொள்வது உயிர் காக்கும். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. குறைந்தது ஒரு வாரம் அங்கே பெருகிவிட்டுத்தான் இரத்தத்துக்கு வருகிறது. டாக்சிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் இரத்தத்துக்கு வந்த பின்பே அதைக் கொல்கின்றன. கடைசி நாள் கடித்த கொசுவின் ஒட்டுண்ணி வெளியே வரும்வரை மருந்து இரத்தத்தில் காத்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். அடோவாகுயோன்-புரோகுவானில் கல்லீரலிலேயே தாக்குவதால் திரும்பிய பின் 7 நாள் போதும். தொடங்கும் நாளும் வேறு: மெஃப்ளோகுயின் வாரம் ஒருமுறை, குறைந்தது 2 வாரம் முன்பே, மற்ற இரண்டும் தினசரி, ஓரிரு நாள் முன்பு. அடோவாகுயோனைக் கொழுப்புள்ள உணவோடோ பாலோடோ சாப்பிட்டால்தான் உடலில் சேரும். டாக்சிசைக்ளினை நிறைய நீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் வெந்துபோவதும் அதன் பக்கவிளைவு. எந்த நாட்டுக்கு எது பொருந்தும் என்பது அங்குள்ள ஒட்டுண்ணி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதைப் பொறுத்தது. மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மலேரியா உள்ள நாட்டில் பிறந்து வளர்ந்து, வேறு நாட்டில் குடியேறி, உறவினரைப் பார்க்கத் திரும்பிப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘எனக்கு அது பழகிப்போனது’ என்று அவர்கள் மாத்திரை இல்லாமல் போகிறார்கள். அடிக்கடி கடி வாங்கி உடல் சேர்த்த அரைகுறை எதிர்ப்பு, சில ஆண்டுகள் விலகியிருந்தால் தேய்ந்துவிடும். வெளிநாட்டில் பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கோ அது இருந்ததே இல்லை.

விமானமும் உயரமும்

நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணத்தில் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் அபாயம் இரண்டு மூன்று மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது அரிதே. அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், முன்பு உறைவு வந்தவர்கள் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மற்றவர்கள் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, கெண்டைக்காலை மடக்கி நீட்டினால் போதும். இறங்கிய பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ தாமதிக்காதீர்கள்.

உயரம் வேறு விதமான எதிரி. 2,500 மீட்டரைத் தாண்டினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். லா பாஸ், கூஸ்கோ, லாசா போன்ற இடங்களுக்கு விமானத்தில் போய் இறங்குபவர்கள் சில மணி நேரத்தில் 3,000 மீட்டருக்கு மேல் போய்விடுகிறார்கள். உடலுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. இளமையும் உடற்பயிற்சியும் இதிலிருந்து காப்பதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுங்கள். மெல்ல ஏற வழியில்லாதவர்களுக்கு மருத்துவர் அசிடசோலமைடு தரலாம். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். தள்ளாட்டம், குழப்பம், ஓய்விலும் மூச்சிரைப்பு என்றால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் சேர்கிறது. உடனே கீழே இறங்குவதுதான் சிகிச்சை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடியும் நன்னீரும்

நாய், குரங்கு, வௌவால் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவோம். அதே நாள் ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசிக்குப் போக வேண்டும். ரேபீஸ் அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. தொலைதூரக் கிராமங்களில் தங்கப் போகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு போகிறவர்கள், முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வது நல்லது. கடித்த பிறகும் ஊசி வேண்டும்தான்; ஆனால் பல இடங்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புப்பொருள் ஊசி) தேவைப்படாது.

விக்டோரியா ஏரி, மலாவி ஏரி போன்ற ஆப்பிரிக்க நன்னீர்நிலைகளில் நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே போகும். நீர் தெளிவாக இருப்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல. கடலிலும், குளோரின் கலந்த குளத்திலும் இந்தப் பயம் இல்லை.

மருந்துப் பை

தினசரி மருந்துகளைப் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, கைப்பையில், மூல அட்டையோடு வையுங்கள். விமானத்தின் சரக்கறையில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். வேறு நாட்டுக் கடைக்காரருக்கு அதுதான் புரியும். கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகள், சில சளி மாத்திரைகள் ஆகியவற்றுக்குச் சில நாடுகளில் தடையோ முன் அனுமதியோ உண்டு. அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல்

எத்தனை நாள் கழித்து வந்தது என்பதே மருத்துவருக்கு முதல் தடயம். டெங்கு, கொசு கடித்த 4 முதல் 10 நாளில் வரும். அந்த இடத்தை விட்டு இரண்டு வாரம் கழிந்து தொடங்கும் காய்ச்சல் டெங்குவாக இருப்பது அரிது. டைபாய்டு பெரும்பாலும் 1 முதல் 3 வாரம். ஹெபடைடிஸ் ஏ 15 முதல் 50 நாள். கொடிய வகையான ஃபால்சிபாரம் மலேரியா குறைந்தது 7 நாள் எடுக்கும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வெளிப்படும். வைவாக்ஸ் வகை கல்லீரலில் உறங்கிக் கிடந்து பல மாதம் கழித்தும் எழும். எனவே மலேரியா பகுதிக்குப் போய் வந்து ஓராண்டுக்குள் வரும் எந்தக் காய்ச்சலையும் ‘சாதாரண வைரல்’ என்று விடாதீர்கள், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும்.

அன்றே மருத்துவரிடம் போய், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்: எந்தெந்த நாடுகள், எந்தத் தேதிகள், வழியில் தங்கிய இடங்கள், சாப்பிட்ட தடுப்பு மாத்திரை, போட்ட ஊசிகள், ஏரியில் குளித்தீர்களா, விலங்கு கடித்ததா. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். மலேரியாவுக்கான முதல் இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, மூன்று முறையும் இல்லை என்றால்தான் அதை விலக்க வேண்டும். ஒட்டுண்ணி குறைவாக இருக்கும் முதல் நாளில் அது கண்ணில் படாமல் போகலாம்.